பரணி ஒப்புக்கொண்ட தவறு

முதலிபாளையம் தொழிற்பேட்டையை ஒட்டி இருந்த ஆயத்த ஆடைப் பயிற்சி நிலையத்தில் மைதிலி தரக்கட்டுப்பாடு பாடம் நடத்திவந்தாள். கடைசி வருடத்துப் பிள்ளைகள் ஏதாவது ஒரு பனியன் கம்பெனியில் ஒரு மாதம் இருந்து, கண்ணால் கண்டதை ப்ராஜெக்டாக எழுதித் தரவேண்டும். 2006ஆம் வருடம் அவற்றைத் திருத்தும் வேலை அவளிடம் வந்தது. பெரும்பாலானவை தூக்கம் வரவழைப்பவை. முன்னுரையில் திருப்பூரின் பெருமை, முடிவுரையில் எல்லோருக்கும் நன்றி, நடுவில் ஒன்றும் இருக்காது.

பரணி எழுதியது வேறுமாதிரி இருந்தது. பல்லடம் ரோட்டில் ஒரு கம்பெனியின் கட்டிங் பிரிவில் துணி எங்கெங்கே வீணாகிறது என்று அவள் பார்த்திருந்தாள். மெல்லிய துணியை மேசையில் விரிக்கும்போது காற்றில் நலுங்காமலிருக்க ஃபேனை நிறுத்திவிடுகிறார்கள். புழுக்கம் தாங்காமல் ஆட்கள் அவசரப்பட்டு விரிக்கிறார்கள். அந்த அவசரத்தில்தான் ஓரத்துணி அதிகம் போகிறது என்று எழுதியிருந்தாள். வெட்டிய மிச்சத் துண்டுகளை யார் எடுத்துப்போவது என்று இரண்டு பெண்களுக்குள் நடந்த சண்டைகூட அதில் இருந்தது. மைதிலி சிரித்துக்கொண்டே நல்ல மதிப்பெண் போட்டாள்.

மறுநாள் பிரபாகருடையதைத் திறந்தாள். நல்லூரில் ஒரு கம்பெனி என்று போட்டிருந்தது. அங்கேயும் ஃபேனை நிறுத்தினார்கள். அங்கேயும் இரண்டு பெண்கள் மிச்சத்துணிக்குச் சண்டை போட்டார்கள். பரணியின் இங்கிலீஷில் இருந்த எழுத்துப் பிழைகள்கூட இடம் மாறாமல் இருந்தன.

பிரின்சிபால் வேல்குமார் இரண்டு பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். மைதிலியும் உடன் இருந்தாள். வேல்குமார் கேள்வியை முடிப்பதற்குள் பரணி சொன்னாள்:

"அவனோடதப் பாத்து எழுதுனது நான்தானுங்க சார்."

பிரபாகர் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வேல்குமாருக்கு நிம்மதியாகிவிட்டது. விசாரணைக் கமிட்டி, கூட்டம், குறிப்பு என்று இழுக்காமல் வேலை முடிந்தது.

"அந்தப் புள்ளையே ஒத்துக்கிச்சுங்களே மேடம். ஒரு வருசம் நிறுத்திவெச்சு மறுபடி எழுதச் சொல்லிரலாங்க. நீங்க கையெழுத்துப் போட்டுருங்க."

"ரெண்டு நாள் டைம் குடுங்க சார்," என்றாள் மைதிலி.

அவள் வீடு நல்லூரில்தான். பிரபாகர் எழுதியிருந்த கம்பெனி அவள் பஸ் ஏறும் வழியில் இருந்தது. அன்று மாலை உள்ளே போய் கட்டிங் பிரிவைப் பார்க்கலாமா என்று கேட்டாள். மேனேஜர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இங்க ஏதுங்க கட்டிங்? வெளிய வெட்டி கட்டுக்கட்டா வந்து எறங்கும். நாங்க தெச்சு மட்டும் குடுக்கறமுங்க."

இரண்டு வரிசைத் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. துணி விரிக்கும் மேசை ஒன்றுகூட இல்லை. பிரபாகருக்கு மேனேஜர் தூரத்துச் சொந்தமாம். கேட்டான் என்று, ஒரு மாதம் வந்துபோனதாகச் சர்டிஃபிகேட்டில் சீல் குத்திக் கொடுத்தாராம்.

மறுநாள் லேபில் மற்றவர்கள் போனபிறகு மைதிலி பரணியை நிறுத்திவைத்துக் கேட்டாள்.

"அவன் அந்த மேசையவே பாக்கல. நீ எதைப் பாத்து எழுதுன?"

பரணி மெஷின் மேல் இருந்த நூல் பிசிறுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

"எங்கப்பா பிரபாகரோட அப்பா கம்பெனிலதானுங்க கட்டிங் மாஸ்டர். நாங்க குடியிருக்கறதும் அவங்க வேலையாளுகளுக்குக் கட்டிவிட்ட லைன் ஊட்டுலதானுங்க."

"மிரட்டினானா?"

"இல்லீங்க மேடம். கேட்டான், குடுத்தேன். அவங்க கேட்டு இல்லைன்னு சொல்லி எங்கூட்டுல யாருக்கும் பழக்கமில்லீங்க. கொஞ்சம் மாத்தி எழுதிக்குவான்னு நெனச்சேன். அப்படியே போட்டுட்டான்." பிறகு அவசரமாகச் சேர்த்தாள்: "ஒரு வருசம் போனா போவுதுங்க. நான் சொன்னபடியே விட்டுருங்க மேடம்."

மைதிலி அதைப் பற்றி யோசிக்காமல் இல்லை. பஸ்ஸில் போகும்போதும் வீட்டில் அரிசி களையும்போதும் யோசித்தாள். கையெழுத்துப் போட்டால் யாருக்கும் சங்கடமில்லை; பரணியே கேட்பதும் அதைத்தான். ஆனால் பரணி காப்பியடித்தாள் என்று தான் கையெழுத்துப் போடவேண்டும். அது நடக்காத ஒன்று. நடக்காததற்குக் கையெழுத்துப் போட அவளுக்குக் கை வரவில்லை. காரணம் அவ்வளவுதான். அதற்கு மேல் பெரிதாக எதுவும் அவள் மனதில் இல்லை.

நல்லூரில் பார்த்ததை வேல்குமாரிடம் சொன்னாள். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே பிரபாகரின் அப்பா ஆறுச்சாமிக்கு போன் போட்டார்.

ஆறுச்சாமி வெள்ளை வேட்டி சட்டையில் வந்தார். அறையில் பிரபாகரும் மைதிலியும் இருந்தார்கள். சத்தம் போடுவார் என்று வேல்குமார் பயந்து இரண்டு தடவை டீ சொன்னார். ஆறுச்சாமி டீயைத் தொடவில்லை. நடந்ததை முழுக்கக் கேட்டுவிட்டு மகன் பக்கம் திரும்பினார்.

"அந்தக் கம்பெனிக்கு ஒரு நாளாவது போனியா?"

"அவளேதாம்ப்பா குடுத்தா..."

"போனியான்னு கேட்டேன்."

பிரபாகர் இல்லை என்று தலையாட்டினான்.

"அந்தப் பொண்ணு நம்ம மாஸ்டர் மயில்சாமி புள்ளயா?" என்று மட்டும் ஆறுச்சாமி கேட்டார். மைதிலி ஆமாம் என்றாள். அவர் எழுந்து நின்று கைகூப்பினார். "ரூல்ஸு என்ன சொல்லுதோ அதச் செய்ங்க சார். எம்பையன்னு பாக்க வேண்டாங்க."

பிரபாகரின் ப்ராஜெக்ட் ரத்தானது. அடுத்த வருடம் புதிதாகச் செய்யவேண்டும். எழுதியதை இன்னொருவருக்குக் கொடுப்பதும் குற்றம் என்பதால் பரணிக்கு மதிப்பெண்ணில் கொஞ்சம் குறைத்து, எச்சரிக்கை கொடுத்தார்கள். அவள் தேறிவிட்டாள். நியாயமாக முடிந்தது என்று மைதிலி நினைத்துக்கொண்டாள்.

ஆனால் அந்த வாரமே பரணியின் அப்பா மயில்சாமி வேலையை விட்டுவிட்டார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. தன் மகளால் முதலாளி நாலு பேர் முன்னால் கைகூப்பி நிற்கவேண்டி வந்ததே, இனி அவர் முகத்தில் எப்படி முழிப்பது என்றாராம். ஆறுச்சாமி தேடிவந்து வாசலில் நின்று கூப்பிட்டார். மயில்சாமி உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து மோர் கொடுத்தார். வேலைக்கு மட்டும் வரமாட்டேன் என்றார். லைன் வீட்டையும் காலிசெய்துகொண்டு பல்லடத்துக்குக் குடிபோனார்கள். அங்கே ஒரு சின்ன கம்பெனியில், முன்பைவிடக் குறைந்த சம்பளத்துக்கு, தன்னைவிட வயதில் சின்ன மாஸ்டருக்குக் கீழே சேர்ந்தார்.

இதையெல்லாம் மைதிலிக்குச் சொன்னது பிரபாகர்தான். அடுத்த ப்ராஜெக்டுக்குக் கம்பெனி கேட்டு வந்தவன் சொந்தக்காரர் யாரும் இல்லாத இடமாகக் கேட்டான். கிளம்பும்போது வாசலில் தயங்கி நின்று இதைச் சொன்னான். "அப்பா என்கூடப் பேசறதில்லீங்க மேடம்," என்றும் சொன்னான்.

சர்டிஃபிகேட் வாங்கும் நாளில் பரணி வந்தாள். பல்லடத்திலேயே சாம்பிள் பிரிவில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். எல்லோரும் போட்டோவுக்கு நின்றபோது அவள் நிற்கவில்லை. நேராக மைதிலியிடம் வந்தாள்.

"நீங்க பண்ணுனது தப்புன்னு சொல்லலீங்க மேடம். எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுப் பண்ணியிருக்கலாங்க."

"உன்கிட்ட கேட்டனே பரணி."

"கேட்டீங்க. நாஞ்சொன்னத எடுத்துக்கலீங்களே."

குரலில் கோபம் இல்லை. உன் பேரில் பொய் எழுதச் சொல்கிறாயா என்று மைதிலி கேட்கலாம். கேட்டால் பரணி ஆமாம் என்பாள். அப்பா எப்படி இருக்கிறார் என்று விசாரிக்க வாயெடுத்து, அதையும் விட்டுவிட்டாள்.

"வரட்டுங்களா மேடம்? பஸ் போயிருமுங்க."

"சரி, போய்ட்டு வா."

பரணி துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு கேட்டைத் தாண்டிப் போனாள். அதே இடத்தில் இன்னொரு தடவை நின்றாலும் தான் செய்வது அதுவாகத்தான் இருக்கும் என்று மைதிலிக்குத் தெரிந்தது. அது அவளுக்கு ஆறுதலாக இல்லை. உள்ளே அடுத்த பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.