ரெண்டு கலர்

என் தங்கை புருஷன் ஆல்வினுக்கு மீன் பிடிக்கத் தெரியாது. பாஸ்டனில் பொய்ப்பல் செய்யும் பட்டறையில் இருபது வருஷம் குனிந்து உட்கார்ந்திருந்தவனுக்கு எப்படித் தெரியும்? டார்லீனுக்குக் கணையத்தில் புற்றுநோய், இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர்கள் கையை விரித்ததும், செத்தால் பிறந்த ஊர் ஏரியைப் பார்த்துக்கொண்டுதான் சாவேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். வேலையை விட்டுவிட்டு மே மாதம் அவளைக் கூட்டிக்கொண்டு மெய்ன் மாநிலத்துக்கு, எங்கள் ஊருக்கு வந்தான். வந்த வாரமே தூண்டில் வாங்க லூசியன் கடைக்குள் நுழைந்தான்.

நான் அங்கேதான் இருந்தேன். காலையில் காபிக்கு நாங்கள் எல்லோரும் கூடுகிற இடம் அது.

"என்ன மாப்ளே, பல்லெல்லாம் தீந்துபோச்சா? மீனுக்கு வந்துட்ட?" என்றேன். கடையே சிரித்தது. ஆல்வினும் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் எனக்கு எரிச்சல். பதினெட்டு வருஷமாக அவனை நான் எது சொன்னாலும் சிரிப்பான்.

"டார்லீன் ஒண்ணு கேட்டா, மச்சான்" என்றான். "ஜூலை நாலாம் தேதி நான் பிடிச்ச சால்மன் வேணுமாம். வேற எதையும் அவ கேக்கல."

எங்கள் பக்கம் நாலாம் தேதி, சுதந்திர தினம் என்றால் வீட்டுக்கு வீடு சால்மனும் பச்சைப் பட்டாணியும்தான். அதற்குள் மீனைப் பிடித்துவிட வேண்டும். அதற்குமேல் அவள் தாங்குவாள் என்று யாரும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே தங்கை வீட்டுக்குப் போனேன். "அவனை ஏன் கஷ்டப்படுத்துற? நான் கொண்டாந்து தர்றேன்" என்றேன்.

"உன் மீன் வேணாம்ணே. நீ என் கல்யாணத்துக்கே வரல. அவருக்கு நீ சொல்லிக் கொடு. அது போதும்."

"சொல்லிக் கொடுக்கிறேன்" என்றேன். சத்தியமாக அப்படித்தான் சொன்னேன்.

ஈயம் உள்ளே ஓடுகிற நூல் எங்களுடையது. பத்து கஜத்துக்கு ஒரு நிறம். படகை மெதுவாக ஓட்டிக்கொண்டு எத்தனை நிறம் வெளியே விடுகிறோமோ அத்தனைக்குத் தூண்டில் கீழே போகும். மே மாதம் மீன் மேலேயே திரியும், ரெண்டு கலர் போதும். வெயில் ஏறினால் மேல்தண்ணீர் சூடாகிவிடும். சால்மனும், நாங்கள் டோக் என்கிற ஏரி ட்ரௌட்டும் குளிர்ச்சி தேடி அடியில் இறங்கிவிடும். அப்போது எட்டு விட வேண்டும். வெளியூரிலிருந்து வந்தவன் கேட்டால் அந்த எட்டை மட்டும் நாங்கள் சொல்வதில்லை. ஒரு கோடை முழுக்க அவன் தண்ணீரைக் கலக்கிவிட்டுப் போக வேண்டும், அதுதான் இந்த ஊர் முறை. என் அப்பா எனக்கே அப்படித்தான் செய்தார்.

மே மாதம் ஆல்வின் கேட்டபோது, "ரெண்டு" என்றேன். அது பொய் இல்லை. ஆனால் மே முழுக்க டார்லீன் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தாள். அவன் படகில் ஏறும்போது ஜூன் பாதி போய்விட்டது.

ஒவ்வொரு நாளும் காலையில் கடைக்கு வந்து கேட்பான். "இன்னிக்கு எத்தனை கலர், மச்சான்?"

"ரெண்டு."

லூசியன் காபிக் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வான். ஆல்வின் போனதும் எல்லோரும் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரிப்போம். மத்தியானம் என் படகு அவன் படகைக் கடக்கும். கழுத்தெல்லாம் வெந்து சிவந்து, நூலை ஒரு விரலால் தொட்டபடி உட்கார்ந்திருப்பான். என் பெட்டியில் மூன்று மீன் இருக்கும். கை காட்டுவேன். அவனும் காட்டுவான்.

ஜூலை மூன்றாம் தேதி அவன் வந்தபோது சிரிக்கவில்லை. சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தான்.

"மச்சான், நாளைக்கு நாலாம் தேதி. ராத்திரி பூரா அவளுக்கு வலி. நான் ஏதோ தப்பு பண்றேன். கொஞ்சம் பாத்துச் சொல்லு. எத்தனை?"

கடையில் ஏழு பேர் இருந்தார்கள். ஏழு பேரும் என் வாயையே பார்த்தார்கள். எட்டு என்று ஒரு வார்த்தை. நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் சொன்னால் பதினெட்டு நாள் பொய் சொன்னேன் என்று ஆகிவிடும், அதுவும் அத்தனை பேர் முன்னால்.

"ரெண்டுதான் மாப்ளே. உன் கைராசி சரியில்ல, நான் என்ன பண்றது?"

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். அன்று சிரிப்பு கொஞ்சம் லேட்டாக வந்தது, ஆனாலும் வந்தது.

நாலாம் தேதி நான் பிடித்த சால்மனில் ஒரு துண்டும் பட்டாணியும் போட்டு, நீலப்பூ தட்டில் மூடி என் மனைவியிடம் கொடுத்தனுப்பினேன். நல்லவன் பாருங்கள். தட்டு திரும்பி வரவில்லை. ஒன்பதாம் தேதி டார்லீன் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்த நாலாம் நாள் காலை ஆல்வின் கடைக்கு வந்தான். கையில் என் நீலப்பூ தட்டு, மேலே துணி. அதை என் முன்னால் வைத்துத் துணியை எடுத்தான். வேகவைத்த சால்மன், பட்டாணி, ஒரு உருளைக்கிழங்கு. ஆவி வந்துகொண்டிருந்தது.

"நேத்து பிடிச்சேன்" என்றான். "எட்டு கலர். முதல் சுத்துலயே."

லூசியன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"எட்டுன்னு யார் சொன்னா?" என்றேன்.

"அவதான். போறதுக்கு முந்தின நாள். அவளுக்கு மொதல்லயே தெரியும் மச்சான். அவளும் இந்த ஏரியில வளந்தவதானே? தினமும் சாயங்காலம் கேப்பா, இன்னிக்கு அண்ணன் எத்தனை சொன்னார்னு. ரெண்டுன்னு சொல்வேன். சரி, நாளைக்குச் சொல்லுவார்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்குவா."

"அவளே உன்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றேன். என் குரல் எனக்கே கேவலமாக இருந்தது.

"நானும் அதைத்தான் கேட்டேன். 'மீன் யாருக்கு வேணும்?'னு சொன்னா. நாலாம் தேதி உன் தட்டு வந்தப்ப ரெண்டு பட்டாணி எடுத்து வாயில போட்டா. மீனைத் தொடல."

முள்கரண்டி ஒன்றைப் பையிலிருந்து எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தான்.

"தட்டை வெறுமனே திருப்பித் தரக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்கா. சாப்பிடு."

அன்றைக்கு இருந்த அதே ஏழு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லூசியன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் சாப்பிட்டேன். ஆல்வின் எதிரே நின்று ஒவ்வொரு வாயையும் பார்த்தான். ஒரு முள் தொண்டையில் சிக்கியது, அதையும் முழுங்கினேன். கடைசிப் பட்டாணி வரை அவன் நகரவில்லை.

"எப்படி இருக்கு?" என்றான்.

"நல்லா இருக்கு."

"அப்படியா. எனக்குத் தெரியாது, நான் இன்னும் சாப்பிடல" என்று சொல்லிவிட்டு, முள்கரண்டியை மட்டும் துடைத்து எடுத்துக்கொண்டு வெளியே போனான்.