அடங்காத கட்டு

தலைமுடியை நேராக்கி விற்கும் எங்கள் கொட்டகையில் முடிக்குச் சூடு காட்டக் கூடாது. சூடு வைத்து நீட்டிய முடியை வாங்குகிறவர்கள் முகர்ந்தே கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் எல்லாம் தண்ணீரும் பாரமும்தான். நெளிமுடிக் கட்டை ஊறவைத்து, நுனியிலிருந்து மேலே மேலே சிக்கெடுத்துச் சீவி, வேர்ப்பக்கத்தை மரக்கிளிப்பில் கவ்வவிட்டுக் கம்பியில் தொங்கவிடுவோம். நுனியில் துணி சுற்றிய இரும்பு நட்டுகளைக் கட்டுவோம். வெயில் படாமல் மின்விசிறிக் காற்றில் ஒரு நாள். மறுநாள் அவிழ்த்தால் கொத்தனார் தூக்குநூல் மாதிரி நேராக நிற்கும். தண்ணீர் பட்டால் பழையபடி நெளியும். அது வாங்கித் தலையில் வைக்கிறவர்கள் பாடு.

இன்னொரு விதியும் உண்டு. முடிக்கு ஊர் கேட்கக் கூடாது. ஆறு வருஷமாக நானும் கேட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை என் தொட்டிக்கு வந்த கட்டைச் சீவும்போது விரல் நின்றது. எல்லா இழையும் ஒரு பக்கம் நெளிய, விரல் கனத்துக்கு ஒரு கற்றை மட்டும் எதிர்ப்பக்கம் முறுக்கிக்கொண்டிருந்தது.

என் தங்கைக்கு நாலு வயதாக இருக்கும்போது அடுப்பிலிருந்து வெந்நீரை இறக்கப் போய் அவள் இடது காதுக்குப் பின்னால் கொட்டிவிட்டேன். எனக்குப் பத்து வயது. கரண்டிக் காம்பு வளையும்வரை அம்மா அடித்தாள். வெந்த இடத்தில் திரும்ப முளைத்த முடி எதிர்ப்பக்கமாகத்தான் முளைத்தது. அதன்பிறகு அந்தத் தலையைத் தினமும் நான்தான் சீவினேன்.

அவள் வீட்டுவேலைக்குப் போய் ஐந்து மாதம். போன புதிதில் ஒருமுறை போனில் சொன்னாள்: "அக்கா, மாடி வீடு, நீலக் கேட்டு. நான் ஒருத்திதான் எல்லாத்துக்கும்." எந்தத் தெரு என்று கேட்பதற்குள் யாரோ கூப்பிட்டார்கள், வைத்துவிட்டாள். பிறகு நான் கூப்பிட்டபோதெல்லாம் அந்த வீட்டம்மாதான் எடுத்தாள். கடைசியாகப் போன மாதம், "அவ எவன்கூடவோ ஓடிட்டா. இனிமே இங்க பேசாத" என்றாள். அம்மா அதை நம்பி, தங்கை பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவாள். நான் பாதி நம்பினேன்.

"என்னடி, கட்டைக் கையில வச்சுக்கிட்டுத் தவம் பண்ற?" என்றாள் பக்கத்துத் தொட்டி குண்டூசி. ஆள் ஒல்லி, வாய் கூர்மை.

"என் தங்கச்சி முடி மாதிரியே இருக்கு."

"போன வாரம் எனக்கு என் மாமியார் முடி மாதிரியே வந்துச்சு. இழு இழுன்னு இழுத்துச் சீவினேன். மனசு குளுந்துபோச்சு."

சிரித்தேன். உலகத்தில் நெளிமுடிக்கா பஞ்சம் என்று சொல்லிக்கொண்டு நட்டுகளைக் கட்டினேன். நட்டு தரையைத் தொட்டும் தொடாமலும் தொங்கியது.

புதன்கிழமை காலை வந்து பார்த்தால் நட்டுகள் தரைக்கு மேலே ஒரு சாண் உயர்ந்திருந்தன. முடி நெளிந்து நெளிந்து பாரத்தை மேலே தூக்கியிருந்தது. பக்கத்தில் தொங்கிய பதினோரு கட்டும் ஒழுங்காக நின்றன.

சூப்பர்வைசர் அக்கா வந்தாள். எந்நேரமும் கையில் அளவுகோல் இருப்பதால் அவளுக்கு ஸ்கேல் என்றே பெயர்.

"வேர் எது நுனி எதுன்னு பாத்துக் கட்டினியா? இல்ல தலைகீழா தொங்கவிட்டியா?"

"பாத்துதான்க்கா கட்டினேன்."

"அப்ப ஏன் பாம்பு மாதிரி நெளியுது? நாளைக்கும் இப்படி நின்னா இதை வெட்டி பிரஷ்ஷுக்குத் தள்ளிடுவேன். உனக்கும் கேட்டைக் காட்டிடுவேன்."

மறுபடி ஊறவைத்தேன். சீப்பை அழுத்தி இழுத்தபோது என் இடது காதுக்குப் பின்னால் சுரீரென்றது. தொட்டுப் பார்த்தேன், ஒன்றுமில்லை. மறுபடி இழுத்தேன். மறுபடி வலித்தது. அப்போதே கையை எடுத்திருக்க வேண்டும். வயிற்றுப்பாடு எடுக்கவிடவில்லை. நட்டுகளை இரட்டிப்பாகக் கட்டினேன். கட்டி முடித்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு யாரோ மூச்சு விடுவதுபோல் ஒரு சத்தம். மின்விசிறியாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

வியாழக்கிழமை முடி நேராக நின்றது. அந்த ஒரு கற்றைகூட.

"பாத்தியா? பாரம் போட்டா எது அடங்காது?" என்று ஸ்கேல் அளந்து பார்த்துச் சிரித்தாள்.

சின்னதிலிருந்தே என் தங்கை அடங்குகிறவள் இல்லை.

ஸ்கேல் நகர்ந்ததும் கட்டைத் தொட்டியில் முக்கினேன். தண்ணீர் பட்டால் நெளிய வேண்டும். எந்த முடியும் நெளியும். கால் மணி நேரம் பார்த்தேன். தண்ணீருக்குள் குச்சி மாதிரிக் கிடந்தது.

"செத்த முடிடி அது" என்றாள் குண்டூசி, எட்டிப் பார்த்து. இந்தமுறை அவள் கேலி பண்ணவில்லை.

வாசலில், வீடு வீடாகப் போய் முடி வாங்கிவரும் மூட்டைக்காரர் வண்டியிலிருந்து சாக்குகளை இறக்கிக்கொண்டிருந்தார். ஈரக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"அண்ணே, இது எங்க வாங்கினது?"

"முடிக்கு ஊர் கேக்குறியா? உங்க ஸ்கேலு காதுல விழுந்தா தோலை உரிப்பா."

"என் தங்கச்சிண்ணே."

அவர் கட்டின் வேரில் தான் சுற்றியிருந்த வண்ண நூலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சாக்கைக் கீழே வைத்தார். "பெரியாஸ்பத்திரிக்குப் பின்தெரு. நீலக் கேட்டு. வீட்டம்மாவே கொண்டாந்து குடுத்துச்சு. வேலைக்காரப் பொண்ணு தலையில பேனாம், ஒட்ட வெட்டியாச்சாம்."

"எப்போ?"

"ஞாயித்துக்கிழமை."

ஓடிப்போனவளின் முடி ஞாயிற்றுக்கிழமை எப்படி அந்த வீட்டில் இருக்கும்?

கட்டைப் பிழிந்து துண்டில் ஒற்றி, சோற்றுப் பைக்குள் வைத்தேன். "எங்கடி போற? தொட்டியை யாரு பாக்குறது?" என்று ஸ்கேல் கத்தியது கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் பையை மடியில் வைத்திருந்தேன். ஆறு நிறுத்தம்வரை கல் மாதிரிக் கிடந்தது. ஏழாவதில் உள்ளே ஏதோ நகர்ந்தது, பூனை புரண்டு படுப்பதுபோல. திறந்து பார்த்தேன். நுனியில் ஒரு நெளிவு. ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறங்கியபோது பாதிவரை நெளிந்துவிட்டது. பின்தெருவுக்குள் திரும்பியதும் அந்த எதிர்க்கற்றை முறுக்கிக்கொண்டு என் சுண்டுவிரலைச் சுற்றியது. முடி உலர்ந்திருந்தது. சொட்டு ஈரமில்லை.

பகல் பதினொரு மணி. தெருவில் ஒரு பெண் வாசலைக் கழுவிக்கொண்டிருந்தாள். நீலக் கேட்டைத் தட்டினேன். மாடியில் ஒரு ஜன்னலுக்கு வெளிப்பக்கமாகப் பலகை அடித்திருந்தது.

வீட்டம்மா கேட்டை ஒரு கை அகலம் திறந்தாள். தலைமுடியை வழவழவென்று படியச் சீவியிருந்தாள்.

"யாரு?"

"முடிக் கொட்டகையிலிருந்து வர்றேன். ஞாயித்துக்கிழமை குடுத்தீங்களே."

"அதான் குடுத்தாச்சே. இனிமே ஒண்ணும் இல்ல."

பைக்குள் கட்டு முஷ்டிபோல் இறுகியது. மேலே, பலகைக்குப் பின்னால், மரத்தில் நகம் கீறும் சத்தம் கேட்டது. கேட்டைச் சாத்தப் போனாள். காலை உள்ளே வைத்தேன்.

"இருக்கும்மா" என்றேன். "மிச்சத்தை வாங்க வந்திருக்கேன்."