பதினைந்தாவது அழைப்பு

1

வாசகரே, இந்தக் கதை ஒரு டிக் குறியில் பிறந்தது. முழுக்கக் கற்பனை என்று சொல்லத்தான் ஆசை. வெட்கம் விடவில்லை.

முதல் தொடக்கம்: 'லிஃப்டில் சிக்கியவர்கள் பொத்தானை அழுத்தினால் பேசும் அழைப்பு மையத்தில் அவள் வேலை பார்த்தாள்.' [அவள் என்ன அவள்? நான்தான்.]

இரண்டாவது: 'மென்பொருள் படுத்துவிட்டால் மீட்பது எப்படி என்ற திட்டத்தின்—' [இதை என் மாமியார்கூடப் படிக்கமாட்டார்.]

விஷயம் இதுதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மென்பொருளை வேண்டுமென்றே நிறுத்தி, மாற்று மென்பொருள் தாங்குகிறதா என்று ஒத்திகை பார்ப்போம். பக்கத்து அறைத் தோழிகள் சீட்டைப் பார்த்து, சிக்கியவர்கள்போல நடித்து அழைப்பார்கள். சீட்டுகள் பதினான்கு. எழுதியது நான், ஒத்திகைப் பொறுப்பும் எனதே. திட்டத்தின் மூன்றாம் வரி: 'உண்மையான அழைப்புகளை வேறு கிளைக்குத் திருப்பவும்.' அப்புறம் செய்துகொள்ளலாம் என்று டிக் அடித்தேன். அப்புறம் மறந்தேபோனேன்.

2

ஆறாம் நாற்காலியில் அழைப்பெடுக்கும் அக்காவை எப்படி எழுதுவது?

ஒத்திகை நடுவே அவர் மகளின் பள்ளியிலிருந்து போன். காய்ச்சலாம்.

"அரை மணி நேரத்துல ஓடி வந்துடறேன்மா."

"போயிட்டு வாங்கக்கா, யாரையாவது உக்கார வைக்கிறேன்."

அவர் லாகின் திறந்தே கிடந்தது. நானே உட்கார்ந்தேன்.

[இவரை அக்கறையில்லாதவராக, சாக்குச் சொல்லி நழுவுகிறவராக ஒரு பத்தி எழுதினேன். எழுத எழுத எனக்குச் சுகமாக இருந்தது. கிழித்துவிட்டேன்.]

3

"லிஃப்ட் நின்னுடுச்சுங்க. லைட்டும் போயிடுச்சு. மூச்சு முட்டுது." அழுகை.

சிரித்துவிட்டேன். "பதட்டமா பேசணும்னுதானே சீட்டுல எழுதினேன்? அழுகை உங்க சொந்தச் சரக்கா? பிரமாதம்! வைங்க."

"ஏங்க சிரிக்கிறீங்க?" என்றது குரல்.

வைத்துவிட்டேன். அறிக்கையில் 'தேர்ச்சி' என்று எழுதினேன்.

(அடிக்குறிப்பு: மாற்று மென்பொருளில் குரல்பதிவு ஓடவில்லை. நான் நேர்மையாகக் குறித்த ஒரே குறை அது. என்னைக் காப்பாற்றியதும் அதுதான்.)

மாலையில் எண்ணிப் பார்த்தேன். சீட்டு பதினான்கு, அழைப்பு பதினைந்து. திட்டத்தின் மூன்றாம் வரியைப் புரட்டினேன்; என் டிக் மட்டும் இருந்தது.

4

அந்தப் பெண்மணி இரண்டு மணி நேரம் இருட்டில் நின்றிருக்கிறார். காவலாளிக்குச் சத்தம் கேட்ட பிறகுதான் திறந்திருக்கிறார்கள். கடிதம் எழுதினார்: 'தாமதத்தைப் பொறுத்துக்கொள்கிறேன். சிரித்தது யார்?'

பதிவேடு ஆறாம் நாற்காலியைக் காட்டியது. மேலாளர் விசாரணைக்கு நாள் குறித்தார். அக்கா என்னை ஓரமாக இழுத்தார்.

"நான் வெளிய போனத சொல்லிடாதேம்மா. லாகினத் திறந்து போட்டுட்டுப் போனேன்னு தெரிஞ்சா வேலையே போயிடும். அந்த நேரம் யாரு உக்காந்தா?"

"மாறி மாறி உக்காந்தாங்கக்கா."

"எனக்காக வாயத் தொறக்காம இருக்கியே. உன்ன மறக்கவே மாட்டேன்."

என் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் பிடிக்க விட்டேன்.

5

முதல் முடிவு: விசாரணையில் நான் எழுந்து உண்மையைச் சொல்கிறேன். எல்லோரும் என் துணிச்சலை வியக்கிறார்கள். [என்னைப் பற்றி நானே எழுதினால் இப்படித்தான் வரும்.]

இரண்டாம் முடிவு: அக்காவை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அடுத்த ஒத்திகைக்கு நான் புதிய சீட்டுகள் எழுதுகி— [இது நடந்துவிடும். அதுதான் பயம்.]

மூன்றாவது எனக்கு வரவில்லை.

அக்கா, வாசகரே என்று கூப்பிட்டது உங்களைத்தான். உங்களுக்குத் தெரிந்த வேலையையே விளக்கியதற்கு மன்னியுங்கள். யாரோ அந்நியரிடம் சொல்வதாகப் பாவனை செய்தால்தான் கை ஓடியது. சிரித்தது நான். கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

இதை உங்கள் மேசையில் வைத்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறேன். முகத்தைப் பார்த்துச் சொல்லத் துப்பில்லை. பத்து மணிக்கு விசாரணை. இதை மேலாளரிடம் கொடுத்தால் நீங்கள் வெளியே போனதும் தெரிந்துவிடும். கிழித்துப் போட்டால் சிரித்தது நீங்கள் என்றாகிவிடும். கொடுப்பதா கிழிப்பதா என்பதையும் உங்கள் தலையிலேயே கட்டுகிறேன், பாருங்கள்.