பேச்சியம்மா கேட்ட ஹெலிகொப்டர்

விசேட அதிரடிப்படைக்காரன் என்றால் கதவை உடைப்பான், கயிற்றில் தொங்குவான் என்றுதான் ஊர் நினைக்கிறது. வலன்ரைனுக்கு வாய்த்த வேலை வேறு: கதவை உடைக்க வேண்டிய அவசியமே வராமல் பேசுவது. அன்று அவனுக்குப் பரீட்சை. மடுல்கெல்லயில் பூட்டிக் கிடந்த தேயிலைத் தொழிற்சாலைக்குள் பணயக்கைதி ஒத்திகை. இரண்டு மணித்தியாலத்துக்குள் பேசியே எல்லாரையும் வெளியே கொண்டுவந்தால் பேச்சுவார்த்தைக் குழுவில் இடம். இல்லாவிட்டால் பழையபடி முகாம் வாசலில் நின்று லொறி நம்பர் எழுத வேண்டியதுதான்.

கடத்தல்காரி வேடத்துக்கு ஆள் பிடித்த புண்ணியவானை என்ன சொல்வது! தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவி பேச்சியம்மாவைப் போட்டிருந்தார். முப்பது வருசமாகச் சம்பளம், கூரைத்தகரம் என்று தொரைமாரோடு வாதாடிய மனுசி.

வலன்ரைன் ஒலிபெருக்கியைப் பிடித்தான். "தங்கள் கோரிக்கைகளைத் தெரிவிக்கவும்!"

"ஹெலிகொப்டர் ஒண்ணு!" உள்ளேயிருந்து பேச்சியம்மாவின் குரல் வந்தது. "அப்புறம் நாலு பேருக்குத் தேத்தண்ணி. சீனி தூக்கலா!"

தேத்தண்ணி போயிற்று. "ஹெலிகொப்டர் மேலிடத்தின் பரிசீலனையில் உள்ளது," என்றான் அவன், பயிற்சிப் புத்தகத்தில் இருந்தபடியே.

"பரிசீலனையா? அட போ தம்பி! இந்தக் கதையெல்லாம் எங்கிட்ட வேணாம். மூக்கையாண்ணன் இங்கயே கெடக்கட்டும்."

மூக்கையா கைதியாக நடித்த லொறி டிரைவர். "எனக்கென்ன அவசரம்? இன்னொரு தேத்தண்ணி வந்தாப் போதும்!" என்று அவரும் உள்ளேயிருந்து கத்தினார்.

ஒன்றே முக்கால் மணித்தியாலம் ஓடிவிட்டது. பரீட்சை வைத்த இன்ஸ்பெக்டர் ஹபீல் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். கதவை உடைக்கிற கோஷ்டி எழுந்து தலைக்கவசம் மாட்டியது. போச்சு, எல்லாம் போச்சு!

அவன் ஒலிபெருக்கியைக் கீழே வைத்தான். கேடயத்தைப் பிடித்தபடி கதவோரம் போய், தெல்தோட்டை லயத்து வீட்டில் தன் அம்மாவோடு பேசுகிற மாதிரியே பேசினான்.

"அம்மா, ஹெலிகொப்டர் வராதுங்க. சத்தியமா வராது. ஒங்கள வீட்டுக்கு விடவும் முடியாது. வெளிய வந்தா வெலங்கு போட்டுக் கோர்ட்டுக்குக் கூட்டிப் போவாங்க. ஆனா ஒங்க மேல ஒரு அடி விழாது. நானே கூட வாரேன். என்னால முடிஞ்சது அவ்வளவுதாங்க."

உள்ளே தாழ்ப்பாள் விலகியது. கோப்பையும் கையுமாக மூக்கையா, அவர் பின்னால் மற்ற இரண்டு கைதிகள், கடைசியாக மரத்துப்பாக்கியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேச்சியம்மா.

"வாசலுக்கு வேற ஆளப் போடுறன்," என்றார் ஹபீல், வலன்ரைனின் முதுகில் ஒரு போடு போட்டு. "நீ குழுவுக்கு வா." வலன்ரைன் கேடயத்தைக் கீழே வைத்துவிட்டு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தான்.

ஹபீல் பேச்சியம்மா பக்கம் திரும்பினார். "தேத்தண்ணியத் தவிர கேட்டது ஒண்டும் கிடைக்கல்லியேம்மா. ஏன் வந்தீங்க?"

"முப்பது வருசமா எத்தனையோ பெரிய ஆளுங்ககிட்ட பேசிட்டேங்க. எல்லாரும் 'பாப்போம், பாப்போம்'னுதான் சொல்லி அனுப்புவாங்க. முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொன்ன மொத ஆளு இந்தத் தம்பிதான். இவன நம்பாம வேற யார நம்புறது?"