லாயத்துச் சுவரின் வெடிப்பு

மர்பி டவுனில் பட்டாளத்துக் குதிரைகள் நின்ற பழைய லாயத்தில்தான் பியாட்ரிஸ் மாலை வகுப்பு நடத்தினாள். குதிரைகள் போனதும் அது ரேஷன் கடையாயிற்று, பிறகு கல்யாண மண்டபம். இப்போது பத்தாம் வகுப்பில் தவறிய பெண்கள் மறுபடி எழுதித் தேறும் இடம். அதுவரை நாற்பத்தொரு பேர் தேறியிருந்தார்கள்.

1997-இல் வாசலுக்கு மேலிருந்து தரை வரை சுவர் வெடித்தது. பார்வையிட வந்த எஞ்சினியர் சந்திரசேகரன், வெடிப்பு செங்கல் வரை போயிருந்தால் இடிக்கச் சொல்லித்தான் அறிக்கை எழுத வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார். பரீட்சைக்கு இன்னும் மூன்று மாதம். வேறு இடம் கிடையாது.

எஞ்சினியர் சுவரில் உளியை வைத்ததும் பெயிண்டர் எத்திராஜ் குறுக்கே வந்தார். ஆண்டுதோறும் மாதா திருவிழாவுக்கு முன் அந்தச் சுவருக்கு வண்ணம் பூசுபவர் அவர்தான்.

"சார், சொவத்தைச் சொரண்டாதீங்க. மனுசங்க பொழங்குற சொவரு. தோல உரிக்கிற மாதிரி."

"நீங்க சொரண்டினதே இல்லையா?"

"எங்கப்பா காலத்துலேர்ந்து இல்ல சார். வெடிப்புல பட்டி பூசி அடைச்சி, மேலயே அடிச்சிடுவோம்."

சந்திரசேகரன் சிரித்துக்கொண்டே உளியைத் தட்டினார். ஒரு தகடு பெயர்ந்து கையில் வந்தது, விரல் கனத்துக்கு. அதன் ஓரத்தில் நிறங்கள் அடுக்கடுக்காகத் தெரிந்தன. மேலே வகுப்பறையின் நீலம், கீழே கல்யாண மண்டபத்து ரோஸ், அதற்கும் கீழே ரேஷன் கடையின் பச்சை, அடியில் குதிரைகளின் காலத்துச் சுண்ணாம்பு. வெடிப்பு அந்தச் சுண்ணாம்போடு நின்றுவிட்டது. பின்னாலிருந்த செங்கல்லில் ஒரு கீறல்கூட இல்லை.

அவர் மூன்று இடத்தில் பெயர்த்துப் பார்த்தார். மூன்றிலும் அப்படியே.

"வெடிச்சது சுவர் இல்லம்மா, இவரோட பெயிண்ட்," என்றார் பியாட்ரிஸிடம். "சுவர் நம்மையெல்லாம் அனுப்பி வெச்சிட்டுத்தான் போகும்."

தன் பெயிண்டைக் குறை சொல்லி எழுத வேண்டாமென்று எத்திராஜ் கேட்டுக்கொண்டார். மேல்பூச்சு பழையது, கட்டடம் உறுதியானது என்று மட்டும் எழுதிக் கையெழுத்திட்டார் எஞ்சினியர்.

மாலையில் பெண்கள் வந்தபோது பியாட்ரிஸ் பாடத்தை ஆரம்பிக்கவில்லை. அவர்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருத்தியையும் உள்ளங்கையை அந்தச் செங்கல்லின் மேல் வைக்கச் சொன்னாள். முதலில் கூச்சத்தோடு சிரித்தவர்கள் பிறகு கையை எடுக்கவே இல்லை.

"நம்ம கட்டடம்," என்றாள் பியாட்ரிஸ். அவள் தலை நிமிர்ந்தே இருந்தது.