வழக்கமாகப் போடும் வரி

அண்ணி கதவைத் தட்டவில்லை. காலால் தள்ளித் திறந்தாள். இளையவன் மடிக்கணினியைப் படக்கென்று மூடினான்.

அன்று காலைதான் அண்ணனை மருத்துவமனையிலிருந்து நேரே மயானத்துக்குக் கொண்டுபோய்க் காரியத்தை முடித்திருந்தார்கள். முகத்தைக்கூடக் காட்டவில்லை. கூடத்தில் பிள்ளைகள் அழுது ஓய்ந்து கிடந்தார்கள். இளையவனுக்கு அழ நேரமில்லை. அண்ணன் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்த அதே கம்பெனிக்கு அவன்தான் மக்கள் தொடர்பு அதிகாரி.

முன்பெல்லாம் அது ஊர் சுற்றும் உத்தியோகம். நிருபர்களுக்குக் காபி, கைகுலுக்கல், பல்லெல்லாம் தெரிய ஒரு சிரிப்பு. தொற்று வந்த பிறகு படுக்கையறையில் அடைந்துகொண்டு சாவுச் செய்தி எழுதும் பிழைப்பாகிவிட்டது. ஒருநாள்கூட மூடாத அந்தத் தொழிற்சாலையில் யார் தொற்றில் செத்தாலும் ஒரு வரி சேர்ப்பான்: 'அவர் ஏற்கெனவே நீண்டகால நோயால் அவதிப்பட்டு வந்தார்.' அந்த வரியைக் கண்டுபிடித்ததற்காக மேலாளர் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்.

அண்ணி தன் செல்போனை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். அண்ணனின் சாவுச் செய்தி, அந்த வரியோடு வெளியாகியிருந்தது.

"உங்க அண்ணனுக்கு என்ன வியாதி தம்பி? எனக்குத் தெரியாம?"

"நான் அதை எடுத்துட்டுத்தான் அனுப்பினேன் அண்ணி. மேனேஜர் திரும்பச் சேத்துட்டார்."

பாதிதான் உண்மை. அவர் சேர்த்ததற்குச் 'சரி சார்' என்று பதில் போட்டதும் இவன்தான்.

"தலைவலிக்கு ஒரு மாத்திரை போட்டிருப்பாரா அந்த மனுஷன்?"

"அது வழக்கமாப் போடுற வரி அண்ணி..."

"தெரியும். போன மாசம் கம்பெனி டிரைவர் செத்தப்பவும் இதையேதான போட்டீங்க? உங்க அண்ணன் படிச்சார். 'அவனுக்கு முன்னாடியே நோயாம், நமக்கு ஒண்ணும் ஆகாது. தம்பி எழுதினா சரியாத்தான் இருக்கும்'னு சொல்லிட்டு வேலைக்குக் கிளம்பினார். நான் போகாதீங்கன்னேன். நீங்க எழுதினதைத்தான் நம்பினார்."

இளையவன் மூடிய மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

மேசைமேல் அவன் போன் அடித்தது. பழகிய நிருபர். இறந்தவர் இவனுக்கு அண்ணன் என்பது அவருக்குத் தெரியாது. இவன் பழக்கத்தில் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டான்.

"சார், ஒரே கேள்வி. இறந்தவர் வீட்டுல யாராவது ரெண்டு வார்த்தை பேசுவாங்களா?"

"குடும்பத்தார் இப்ப பேசுற நிலைமையில இல்லைங்க."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. விரல் தானாக இணைப்பைத் துண்டித்தது.

அண்ணி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கண்ணில் ஒரு சொட்டு ஈரமில்லை.

"ஏன், எனக்கு வாய் இல்லையா?"

போன் மறுபடி அடித்தது, அதே நிருபர். இரண்டு பேர் கையும் ஒன்றாக அதன்மேல் விழுந்தன.

"விடுடா," என்றாள். வந்த நாள் முதல் அவனை நீங்க, வாங்க என்றே பேசியவள்.

அவன் விட்டான். அண்ணி போனை எடுத்து, முகக்கவசத்தை மோவாய்க்குக் கீழே இறக்கி, தொண்டையைச் செருமிக்கொண்டாள்.