திமோத்தி டிரிஸ்கல் செத்த திகதி

உறை தடிப்பாக இருந்தது. பார்த்தவுடனேயே இராஜேந்திரனுக்கு அது பிடிக்கவில்லை. பாரிஸின் லா சப்பலில் வதிவிடக் காகிதத்துக்கு அலைந்தவன் எவனுக்கும் இது தெரியும்: 'ஓம்' என்று சொல்ல ஒரு பக்கம் போதும், 'இல்லை' என்று சொல்லத்தான் பக்கம் பக்கமாகக் காரணம் வேண்டும். அவனுடைய அகதி மனுவை நிராகரித்த இரண்டு கடிதங்களும் நல்ல கொழுத்த கடிதங்கள். மத்தியானச் சமையலுக்கும் இரவுச் சமையலுக்கும் இடையில் உணவகத்தில் கிடைக்கும் இரண்டு மணித்தியாலத்தில், கையில் வெங்காய மணம் போகாமலே ஓடி வந்திருந்தான். தயாளினி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உறையைக் கிழித்தாள்.

தயாளினி ரூ பஜோல் தெருவுக்குத் திரும்பும் மூலையில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறாள். ஊர்ச்சனத்தின் படிவம், கடிதம், மொழிபெயர்ப்பு எல்லாம் அவள் கையால்தான். இந்த விசர் யோசனையும் அவளுடையதே. போன மாரியில் இவன் வேறு வழி ஏதும் உண்டா என்று கேட்டு வந்து நின்றபோது, அவனுடைய சாம்பல் நிறக் கண்களைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "அண்ணை, குறை நினையாதேங்கோ. உங்கடை பரம்பரையிலை வெள்ளைக்காரர் ஆரும் இருக்கினமோ?" என்று கேட்டுவிட்டாள். ஊரிலென்றால் அந்தக் கேள்விக்கு வெட்டுக்குத்து நடந்திருக்கும். ஆனால் பாரிஸுக்கு வந்த எட்டு வருடத்தில், காகிதம் இருக்கோ, வேலை இருக்கோ என்பதைத் தவிர அவனைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை. கேட்க ஒரு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் சொல்லிவிட்டான்.

சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பலாலியில் விமான ஓடுபாதை போட வந்த பிரித்தானியப் படையில் ஒருவன், திமோத்தி டிரிஸ்கல் என்ற அயர்லாந்துக்காரன். இராஜேந்திரனின் அப்பா மகாலிங்கம் அவனுக்குப் பிறந்தவர். ஊர் வாயை அடைக்க, பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் என்ற இடத்தில் தம்பையா என்றொரு தூரத்துச் சொந்தக்காரரின் பெயரைப் போட்டார்கள். பெயர் போட்டால் வாய் அடங்குமா? பள்ளிக்கூடத்தில் பூனைக்கண்ணன், சந்தையில் வெள்ளையன்ரை மோன். எழுபத்திநான்கு வயதுக்குள் அப்பா அந்த மனிசனின் பெயரை ஒரேயொரு தடவைதான் வாய்விட்டுச் சொன்னார், அதுவும் காறித் துப்புவதுபோல. "கழட்டி எறிஞ்ச சட்டை மாதிரி அம்மாவை எறிஞ்சிட்டுப் போனவன்" என்றார். அதற்குப் பிறகு அந்தக் கதையே இல்லை.

தயாளினிக்கு அந்தச் சோகமெல்லாம் காதில் ஏறவில்லை. "அப்பப்பா அயர்லாந்திலை பிறந்தவரெண்டா அந்த நாட்டுப் பாஸ்போட் கேக்கலாம் அண்ணை. கிடைச்சா, ஊருக்குப் போய் அப்பாவைப் பாத்திட்டுத் திரும்பியும் வரலாம்." அவன் விழுந்தது அந்த இடத்தில்தான். காகிதம் இல்லாதவன் போவதற்கு யார் மறித்தது? திரும்பி வரத்தான் ஏலாது. அப்பாவுக்கோ அந்த வருடம் இரண்டு தரம் நெஞ்சு நோ வந்து ஆஸ்பத்திரியில் கிடத்தியிருந்தார்கள். அவரை உயிரோடு ஒருதரம் பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் அவனுக்கு.

தேடல் என்றால் அப்படியொரு தேடல். தயாளினி இணையத்தில் கிண்டிக் கிளறி, கோர்க் நகரத்துப் பக்கத்துத் தேவாலயமொன்றின் ஞானஸ்நானப் பதிவில் டிரிஸ்கலைப் பிடித்தாள். பிறகு அவனுடைய படை இலக்கம். பிறகு சேவைக் கோவையைக் கேட்டு இங்கிலாந்துக்குக் கடிதம். ஆறு மாதம் கழித்து, 2018 ஆனியில், இந்த உறை.

"உயரம் அஞ்சடி ஏழு. கண் சாம்பல் நிறம்," என்று வாசித்துக்கொண்டு போனாள். அவன் போட்டோக்கொப்பி மிஷினைப் பார்த்துக்கொண்டு நின்றான். நாலைந்து பக்கம் புரட்டியவள் ஒரு தாளில் நின்றுவிட்டாள்.

"அண்ணை, இஞ்சை இவர் மேலதிகாரிக்கு எழுதின கடிதம் ஒண்டு கிடக்கு. கலியாணம் கட்ட அனுமதி கேட்டு. நாப்பத்திமூண்டாம் ஆண்டு, செப்டெம்பர்."

"ஆரைக் கட்ட?"

"பேர் போட்டிருக்கு. பொன்னம்மா. வசாவிளான்."

அது அவனுடைய அப்பம்மாவின் பெயர், அவளுடைய ஊர். அந்தக் கடிதத்தின் ஓரத்தில் வேறொரு கையெழுத்து: அனுமதி இல்லை. மூன்றாம் கிழமை டிரிஸ்கலைப் பர்மா எல்லைக்கு மாற்றியிருந்தார்கள். அடுத்த ஏப்ரலில் அங்கே செத்துப்போனான். மகாலிங்கம் பிறந்து அப்போது இரண்டு மாதம்.

தயாளினி தாள்களை அடுக்கி அவன் பக்கம் தள்ளினாள். முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "இதை வைச்சுப் பாஸ்போட்டுக்குப் போகேலாது அண்ணை. கலியாணப் பதிவு ஏதும் இதிலை கிடக்குமெண்டு நம்பினனான், கலியாணமே நடக்கேல்லை. அப்பாவின்ரை பத்திரத்திலை தம்பையா எண்டு கிடக்கு. உங்கடை அகதி வழக்கிலையும் நாங்கள் தம்பையா எண்டுதானே எழுதிக் குடுத்தனாங்கள்."

"ஓம்" என்றான். ஆறு மாதமாக மனதுக்குள் ஆயிரம் தரம் பலாலியில் இறங்கியிருந்தான்.

உணவகத்துக்குத் திரும்பாமல் மெத்ரோ ரயில் பாலத்தின் கீழே நின்று அப்பாவுக்கு அழைத்தான். கடிதத்தில் இருந்து பர்மாவில் செத்ததுவரை எல்லாம் சொன்னான். பாஸ்போட் எடுத்து வரப்போகிறேன் என்று முன்பே அவருக்குச் சொல்லியிருந்தான்; அது சரிவராது என்பதைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. லைன் வெட்டிவிட்டதோ என்று இரண்டு தரம் திரையைப் பார்த்தான்.

"அம்மான்ரை பேர் அதிலை கிடக்கோ?"

"ஓம் அப்பா. ஊரோடை."

"செத்த திகதி போட்டிருக்கோ?"

அப்பா ஏன் அதைக் கேட்கிறார் என்று அவனுக்குச் சட்டென்று விளங்கவில்லை. பிறகுதான் ஊர் ஆடி அமாவாசை நினைவுக்கு வந்தது. ஆடி அமாவாசை வந்தால், தகப்பனை இழந்த ஆண்களெல்லாம் விரதம் பிடித்துக் கீரிமலைக் கேணியில் முழுகி எள்ளும் தண்ணீரும் இறைப்பார்கள். அப்பா மட்டும் அன்றைக்கென்று பார்த்துச் சந்தைக்குப் போய் மீன் வாங்கி வருவார். அம்மா அழுதழுது அதைக் காய்ச்சுவாள். அவர் விறாந்தையில் இருந்து, தெருவால் போகிறவர்களுக்குத் தெரியத்தக்கதாகச் சாப்பிடுவார்.

"ஏப்ரல் பதினெட்டு, நாப்பத்திநாலு."

"ஐயரிட்டைக் குடுத்தால் திதி பாத்துச் சொல்லுவார்." கொஞ்சம் பொறுத்து, "அப்ப வயசென்ன அந்தாளுக்கு?"

"இருபத்திமூண்டு."

"சின்னப் பெடியன்" என்றார் அப்பா. அவருடைய குரல் உடைந்து அவன் கேட்டதே இல்லை. "பாவம். சின்னப் பெடியனடா."

பாலத்தின் தூணில் சாய்ந்து இராஜேந்திரன் கண்ணைத் துடைத்தான். அப்பா செருமினார். பிறகு, எல்லாம் முடிவாகிவிட்டதுபோல, ஒரு அலுவலை ஒழுங்கு பண்ணுகிற குரலில் தொடர்ந்தார்.

"வாற ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக்குப் போவம். எனக்குத் தனியப் படி இறங்கக் கால் காணாது, நீ பிடிச்சால்தான் இறங்கலாம். உந்தப் பாஸ்போட் அலுவல் இனிச் சரிதானே? எப்ப வாறாய்?"

தலைக்கு மேலே இரண்டாம் இலக்க மெத்ரோ தடதடத்து வந்தது. "கேக்கேல்லை அப்பா, ரயில் போகுது" என்றான். அது போய் முடிந்தது. மறுமுனையில் அப்பா மூச்சு விடுவதுகூடத் தெளிவாகக் கேட்டது.

"இப்ப கேக்குதோ?" என்றார்.

இராஜேந்திரன் அண்ணாந்து, பார்பேஸ் நிலையப் பக்கமிருந்து அடுத்த ரயில் வருகிறதா என்று பார்த்தான்.

"இல்லை அப்பா" என்றான். "இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கு."